கடற்சிங்கமும் கேகாலை வயலும்

உயிர்களுள் மிகச் சிறியவை மிகப் பெரியவற்றை ஆட்டிப்படைப்பது இயற்கையின் புதுமைகளுள் ஒன்று. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், பாறைமேற் கிடந்து வெயில் காயும் கடற்சிங்கத்தை ஒரு கிருமி பற்றுகின்றது. அதே இனத்தைச் சேர்ந்த கிருமி, கேகாலை மாவட்டத்தில் முழங்காலளவு சேற்றில் நின்று வரப்புக் கட்டும் உழவனையும், தெரணியகலையில் விடியற்காலையில் இறப்பர் மரத்துக்குப் பால்வெட்டச் செல்லும் தொழிலாளியையும் பற்றுகின்றது. கடலுக்கும் வயலுக்கும் இடையே எத்தனை ஆயிரம் மைல்! விலங்குக்கும் மனிதனுக்கும் இடையே எத்துணை வேறுபாடு! ஆயினும் அக்கிருமிக்கு இவ்விருவரும் ஒன்றே. இருவர் உடலிலும் சிறுநீரகம் உண்டு. அதற்கு வேண்டுவது அதுவே. அக்கிருமியினத்தின் வரலாற்றையும், அது நம் மாகாணத்தில் இத்துணை வேரூன்றியிருப்பதற்குரிய காரணத்தையும், அதிலிருந்து நாம் தப்பும் வழியையும் சிறிது ஆராய்வோம்.

அக்கிருமியினத்தின் பெயர் லெப்டோஸ்பைரா. கிரேக்க மொழியில் 'மெல்லிய சுருள்' என்பது இப்பெயரின் பொருள். பொருத்தமான பெயரே. ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு மைக்ரோமீற்றர் எனப்படும். இக்கிருமியின் தடிப்பு அதில் பத்திலொரு பங்கே. நீளமோ 6 முதல் 20 மைக்ரோமீற்றர் வரை. நெருங்கச் சுற்றிய கம்பிச்சுருள்போன்ற உடல். இருமுனைகளிலும் கொக்கிபோன்ற வளைவு. தன்னைத்தானே திருகிக்கொண்டு, திருகாணி மரத்துள் இறங்குவதுபோல் நீரையும் தசையையும் ஊடுருவிச் செல்லும். சாதாரண நுணுக்குக்காட்டியில் இதனைக் காண்டல் அரிது. பின்புலத்தை இருளாக்கிப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சும் தனிவகை நுணுக்குக்காட்டியிலேதான், கரிய வானில் வெள்ளிக்கீற்றுகள் நெளிவதுபோல் இவை தோன்றும்.

கிருமியைக் காண்பதற்கு முன்னரே நோயைக் கண்டவர் உளர். 1886ஆம் ஆண்டில், ஜெர்மனியின் ஹைடல்பேர்க் நகரத்து மருத்துவப் பேராசிரியர் அடோல்ஃப் வைல் என்பார், கடுங்காய்ச்சலும் மஞ்சள்நிறமும் சிறுநீரகக் கோளாறும் ஒருங்கே தோன்றும் ஒரு நோயைத் தெளிவாக வருணித்தார். அதனாலேயே இந்நோயின் கடும் வடிவத்தை வைல் நோய் என்று மருத்துவ நூல்கள் இன்றும் வழங்குகின்றன. 1907இல் அமெரிக்கரான ஸ்டிம்சன், மஞ்சட்காய்ச்சலால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரது சிறுநீரகத் துண்டில் வளைந்த முனையுடைய நுண்ணுயிர்கள் கூட்டமாகக் கிடப்பதைக் கண்டார். அவை வினாக்குறிபோல் தோன்றியமையால் 'வினாவுவது' எனப் பொருள்படும் இன்டரோகன்ஸ் என்னும் பெயரை இட்டார். அவ்வினாவுக்கு விடை காண மேலும் சில ஆண்டுகள் வேண்டியிருந்தன.

விடை கிடைத்தது ஏட்டறிஞர் கூடத்திலன்று, உழைப்பாளர் உடலில். ஜப்பானின் கியூஷு தீவில், நீர் கசியும் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலைசெய்த தொழிலாளரிடையே மஞ்சட்காமாலையோடு கூடிய காய்ச்சல் பரவி வந்தது. இனாடா, இடோ என்னும் மருத்துவர்கள் அந்நோயாளரின் குருதியைக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றி, 1914, 1915ஆம் ஆண்டுகளில் இக்கிருமியே நோய்க்குக் காரணம் என்று நிறுவினர். அதே காலத்தில் முதலாம் உலகப் போரின் ஈரக் குழிகளில் கிடந்த படைவீரரிடமிருந்து ஜெர்மானிய மருத்துவரும் இதனைப் பிரித்தெடுத்தனர். எலியின் சிறுநீரகமே இதன் களஞ்சியம் என்பதும் அக்காலத்திலேயே வெளிப்பட்டது. 1917ஆம் ஆண்டளவில் நொகுச்சி என்னும் ஜப்பானிய அறிஞர் இதற்கு லெப்டோஸ்பைரா என்னும் இனப்பெயரைச் சூட்டினார். இவ்வறிஞரே பின்னர், மஞ்சட்காய்ச்சலுக்கும் இவ்வினமே காரணம் என்று கூறினார். அக்கூற்று உண்மையன்று எனப் பிறர் காட்டினர். உண்மையை நேரிற் காண ஆபிரிக்காவின் அக்ரா நகருக்குச் சென்ற அவர், 1928இல் மஞ்சட்காய்ச்சலாலேயே உயிர்நீத்தார். காய்ச்சலும் மஞ்சள்நிறமும் கண்டவிடத்து ஒரு நோயை மற்றொன்றாக மயங்குதல் பேரறிஞர்க்கும் நேர்ந்ததுண்டு என்பதை இங்கே மனத்திற் கொள்வோம். இதன் பயன் பின்னர் விளங்கும்.

இக்கிருமி வாழும் முறை வியப்புக்குரியது. எலியின் உடலிற் புகுந்ததும், குருதியோடு ஓடிச் சிறுநீரகத்தை அடைகின்றது. அங்கே சிறுநீரை வடிக்கும் நுண்குழாய்களின் உட்சுவரில் பாசிபோற் படிந்து குடியேறுகின்றது. எலிக்கோ இதனால் துன்பம் ஒன்றுமில்லை. உண்டு, ஓடி, குட்டி ஈன்று, வழக்கம்போல் வாழ்கின்றது. ஆனால் அது சிறுநீர் கழிக்குந்தோறும் எண்ணிறந்த கிருமிகள் நிலத்திலும் நீரிலும் வீழ்கின்றன. மாதக்கணக்கில், சிலபோது அதன் வாழ்நாள் முழுவதும், இது நிகழும். எலி மாத்திரமன்று, பெருச்சாளி, நாய், மாடு, எருமை, பன்றி முதலியனவும் இவ்வாறு கிருமியைச் சுமக்கக்கூடும். இன்ன வகைக் கிருமிக்கு இன்ன விலங்கு உறைவிடம் என்னும் ஒழுங்கும் பெரும்பாலும் உண்டு.

உடலை விட்டு வெளிவந்த கிருமிக்கு நீரே உயிர். ஈரமான மண்ணிலும், உப்பும் புளிப்பும் மிகாத நன்னீரிலும், வெப்பநாட்டின் இளஞ்சூட்டிலும் அது வாரக்கணக்காக உயிர்தாங்கும். சாதகமான இடத்தில் மாதக்கணக்காகவும் நிலைக்கும். உலர்ந்த நிலத்திலோ விரைவில் மடியும். காயும் வெயில் அதற்குப் பகை, கொதிநீர் பகை, குளோரின் கலந்த நீரும் பகை. கடல்நீரின் உப்பும் அதற்கு ஒவ்வாது.

அப்படியாயின் கடலில் வாழும் விலங்கை இக்கிருமி எவ்வாறு அடைந்தது? நல்ல கேள்வி. கடற்சிங்கம் என்பது சீல் எனப்படும் விலங்குகளுக்கு உறவானது, பாலூட்டி, காற்றை மூச்சாக இழுப்பது, மீனை உண்டு வாழ்வது. மீனின் உடலில் உள்ள நீரே அதற்குப் போதும். தனியே நீர் பருகும் வழக்கம் அதற்கில்லை. 1970ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பசிபிக் கரையெங்கும் கடற்சிங்கங்கள் பல நோயுற்றுக் கரையொதுங்கின. முன் துடுப்புகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, நடக்கமாட்டாமற் கிடந்தன. நீர் பருகாத அவ்விலங்குகள் தாகத்தால் நீரைத் தேடிக் குடித்தன. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது சிறுநீரகங்கள் வீங்கிப் பழுதடைந்திருந்தன. அவற்றுள் நெளிந்தது நாம் கூறிய மெல்லிய சுருளே. அதன் வகை பொமோனா எனப்படுவது. பொமோனா என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். அவ்வூரில் 1930களில் ஒரு நோயாளியிடம் இவ்வகை கண்டுபிடிக்கப்பட்டமையால் அப்பெயர் நிலைத்தது. பண்ணையூரின் பெயர் தாங்கிய கிருமி பசிபிக் பெருங்கடலின் மறுகரையில் கடல்விலங்கின் சிறுநீரகத்தில் அகப்பட்டது!

விளக்கம் இதுதான். கடல் உப்பு, ஆனால் கடற்சிங்கத்தின் உடல் உள்ளே உப்புக் கடலன்று. அதன் குருதியும் சிறுநீரகமும் நிலத்துவாழ் பாலூட்டியின் குருதியையும் சிறுநீரகத்தையும் ஒத்தனவே. அன்றியும், கடற்சிங்கங்கள் ஓய்வெடுக்கவும் குட்டி ஈனவும் கரையில் நூற்றுக்கணக்கில் நெருங்கிக் கிடப்பன. ஒன்றன் சிறுநீர் மற்றொன்றின் கண்ணிலும் மூக்கிலும் புண்ணிலும் படுவதற்கு அவ்விடம் ஏற்றது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்நோய் பெருகித் தணிவதையும், 2013 முதல் 2016 வரை அக்கூட்டத்தில் அறவே காணாமற்போய், 2017இல் மீண்டும் தலைகாட்டியதையும் ஆராய்ச்சியாளர் குறித்துள்ளனர். நோய்க்குறி சிறிதுமின்றி நலமாகத் தோன்றும் கடற்சிங்கங்களும் மாதக்கணக்கில் கிருமியைச் சுமப்பது தெரியவந்தது. கடற்கரை நமக்குக் கற்பிக்கும் பாடம் இரண்டு. உடலங்கள் நெருங்கியுறையும் இடத்திலே கழிவு எங்கே சேர்கின்றது என்பதே முதற்கேள்வி. கிருமியைச் சுமப்பது கண்ணுக்கு நோயாளியாகத் தோன்ற வேண்டியதில்லை என்பது இரண்டாவது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் இந்நோய் ஆய்வுகூட முறைப்படி உறுதிசெய்யப்பட்டது 1959ஆம் ஆண்டளவில். தமிழில் இதனை எலிக்காய்ச்சல் என்கின்றோம். சிங்கள மக்கள் 'மீ உண' என்பர். இரண்டும் ஒரே பொருளன. அதன்பின் இலங்கை நோயாளரிடமிருந்து பல புதிய கிருமி வகைகள் பிரித்தெடுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுக்குச் 'சிலோனிகா' என்றும், மற்றொன்றுக்கு 'இரத்தினபுர' என்றும் பெயர். உலகின் எந்த ஆய்வுகூடத்தில் இக்கிருமிகளின் பட்டியலைப் புரட்டினாலும் நம் சப்ரகமுவ மாகாணத்து நகரின் பெயரை அங்கே காணலாம். மாணிக்கத்தாற் பெற்ற புகழோடு இப்புகழும் அந்நகருக்குச் சேர்ந்தது, வேண்டாத புகழ்தான், ஆயினும் உண்மை.

ஏன் இம்மாகாணம்? நிலத்தின் அமைப்பை நோக்குங்கள். மேற்குச் சமவெளிக்கும் மத்திய மலைநாட்டுக்கும் இடையே படிக்கட்டுப்போற் கிடப்பன கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழை இம்மலைச்சரிவுகளில் முட்டிக் கொட்டுகின்றது. களனி கங்கை கித்துள்கலை, யட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை வழியாகவும், களு கங்கை இரத்தினபுரி வழியாகவும் பாய்கின்றன. மலைச்சரிவிலே இறப்பரும் தேயிலையும், பள்ளத்தாக்கிலே நெல்வயல், இரத்தினபுரிப் பக்கத்திலே மாணிக்கக் குழிகள். நெல் இருக்குமிடத்தில் எலி இருக்கும். உழுவதற்கு எருமையும் மாடும் இருக்கும். மாணிக்கக்கல் தேடுவோர் சரளைப் படையைத் தோண்டி எடுக்க, இடுப்பளவு நீரில் நாள்முழுதும் நிற்பர். வெப்பம், மழை, சேறு, எலி, கால்நடை, வெறுங்கால் உழைப்பு ஆகிய ஆறும் ஒருங்கே கூடிய இடம் இது. இக்கிருமி தனக்கென ஓரிடம் தேர்ந்திருந்தால் இதனினும் சிறந்த இடத்தைத் தேர்ந்திருக்குமோ என்பது ஐயமே.

உழவர் நோய் என்று பெயர் பெற்றமையால், தோட்டத்து மக்களுக்கு இதனோடு தொடர்பில்லை என எண்ணற்க. லயத்தின் முன்னே ஓடும் கானில் கழிநீர் தேங்குகின்றது. சோற்றுப் பருக்கையும் காய்கறித் தோலும் அதில் விழ, இரவில் எலிகள் விருந்துக்கு வருகின்றன. மலையிலிருந்து இறங்கும் பீலியில் குளிக்கின்றோம். பீலிக்கரையின் சேற்றில் வெறுங்காலோடு நிற்கின்றோம். கான் வெட்டுவோரும், புல் அறுப்போரும், மாட்டுத்தொழுவம் கழுவுவோரும் ஈரத்தோடு ஈரமாக உழைப்பவரே. தோட்டச் சம்பளம் போதாமையால் அண்டைக் கிராமத்து வயலிலோ மாணிக்கக் குழியிலோ கைக்காசுக்கு வேலை செய்யும் இளைஞரும் பலர். பால்வெட்டும் கத்தி பட்டும், முள் குத்தியும், அட்டை கடித்தும் உண்டான சிறுபுண் இல்லாத காலைத் தோட்டத்தில் தேடித்தான் காணவேண்டும். அச்சிறுபுண்ணே கிருமி புகும் வாயில்.

உலக முழுவதும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இந்நோய்க்கு ஆளாகின்றனர் என்றும், அவருள் 59,000 பேர்வரை இறக்கின்றனர் என்றும் 2015இல் வெளிவந்த மதிப்பீடொன்று கூறுகின்றது. நம் நாட்டில் 2008ஆம் ஆண்டு பெருங்கொள்ளைநோயாக இது பரவியது. 7,000 பேருக்கு மேற்பட்டோர் நோயுற்றதாகப் பதிவாயினர். 200 பேர் வரையில் மாண்டனர். கடுமையாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் கேகாலையும் ஒன்று. அதன் பின்னரும் நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நோய்ப்படுகின்றனர். கேகாலையும் இரத்தினபுரியும் இந்நோய் மிகுந்த மாவட்டங்களின் வரிசையில் தொடர்ந்து நிற்கின்றன. 2016ஆம் ஆண்டு மே மாதம் அரநாயக்கவில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டதையும், 2017 மே மாதம் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதையும் யாவரும் அறிவர். வெள்ளம் எலிவளைகளைக் கழுவி, அங்குள்ள கிருமிகளை வீட்டுவாயிலுக்கே கொணர்கின்றது. வெள்ளம் வடிந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், அதனைச் சாதாரணக் காய்ச்சல் என ஒதுக்குதல் ஆகாது.

நோய் உடலில் நடந்துகொள்ளும் முறையை இனிக் கூறுவோம். தோலிலுள்ள கீறல் வழியாகவோ, நெடுநேரம் நீரில் ஊறி மென்மையுற்ற தோல் வழியாகவோ, கண், மூக்கு, வாய் இவற்றின் மெல்லிய சவ்வு வழியாகவோ கிருமி புகுகின்றது. பெரும்பாலும் 5 முதல் 14 நாட்கள் வரை ஒரு குறியும் தோன்றாது. பின்னர் திடீரென்று குளிருடன் கடுங்காய்ச்சல், தாங்கொணாத் தலைவலி, தசைவலி. தசைவலியிலும் கெண்டைக்கால் வலியும் இடுப்புவலியும் இதற்கே சிறப்பானவை. கெண்டைக்காலை மெல்ல அமுக்கினும் நோயாளி துடிப்பார். கண்கள் பீளை தள்ளாமலே சிவந்திருக்கும். பெரும்பாலோர்க்கு இந்நிலையிலேயே நோய் தணிந்துவிடும். ஆனால் சிலர்க்கு, சில நாட்களில், கண்ணும் தோலும் மஞ்சளிக்கும்; சிறுநீர் குறைந்து நின்றுபோகும்; நுரையீரலிற் குருதி கசிந்து மூச்சுத் திணறும்; இதயமும் தளரும். இக்கடுநிலையை எய்தியோருள் நூற்றுக்கு ஐவர் முதல் பதினைவர் வரை இறப்பதுண்டு.

இங்கேதான் நோயை நோயென மயங்கும் இடர் தலையிடுகின்றது. கேகாலை மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சலும் மழைக்காலத்தின் விருந்தாளியே. இரண்டிலும் காய்ச்சல் உண்டு; உடல்வலி உண்டு; குருதியிலுள்ள நுண்தட்டுகள் குறைவதும் உண்டு. முதல் இரண்டு நாட்களில் தேர்ந்த வைத்தியரும் இவற்றைப் பிரித்தறிதல் எளிதன்று. அவர்க்கு நோயாளி செய்யக்கூடிய பேருதவி ஒரே வாக்கியம்: 'நான் வயலில் இறங்கினேன்', அல்லது 'கான் துப்புரவு செய்தேன்', அல்லது 'வெள்ளநீரில் நடந்தேன்' என்பதே அது. அவ்வாக்கியத்தைக் கேட்டமாத்திரத்தில் வைத்தியரின் சிந்தை எலிக்காய்ச்சலை நோக்கித் திரும்பும். கேளாவிடினும் நாமே சொல்லவேண்டும். மொழி தடையாயின் உடன்செல்வோர் சொல்லவேண்டும்.

குருதிப் பரிசோதனை பற்றியும் ஒரு சொல். நோயாளியின் குருதிநீரை உயிருள்ள கிருமிகளோடு சேர்த்து, அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றனவா என நுணுக்குக்காட்டியில் நோக்கும் முறை 1918இலேயே வகுக்கப்பட்டது. இன்றும் அதுவே உரைகல்லாக உள்ளது. ஆனால் அவ்வாறு திரளச்செய்யும் எதிர்ப்பொருள் குருதியில் ஊற ஒரு வாரமளவாகும். முதல் நாட்களிலேயே கிருமியின் மரபுப்பொருளைக் கண்டறியும் புதிய பரிசோதனைகள் உளவெனினும், அவை எல்லா வைத்தியசாலைகளிலும் கிடைப்பதில்லை. ஆதலின் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராது, நோயின் குறியையும் தொழிலையும் கொண்டே வைத்தியர் மருந்தைத் தொடங்குவர், அதுவே முறை.

மருந்தோ அரியதன்று. டொக்சிசைக்கிளின், பெனிசிலின் முதலிய பழகிய மருந்துகளுக்கே இக்கிருமி அடங்கும். காலம் ஒன்றே அரியது. தோட்டத்தில் காய்ச்சல் கண்டவர் செய்வதென்ன? இரண்டு பரசிட்டமோல் வில்லைகளை விழுங்கிவிட்டு மறுநாள் பிரட்டுக்குச் செல்வார். 'ஒருநாள் பேர் போய்விடுமே' என்பது அவர் கவலை. அக்கவலை வீணானதென்று யாரும் கூறமுடியாது. நாட்கூலியில் அடுப்பெரியும் வீட்டில் ஒருநாள் என்பது ஒருநாட் சோறு. ஆனால் மூன்றாம் நாளில் வைத்தியசாலைக்குச் சென்றிருந்தால் ஒரு வாரத்தில் எழுந்திருக்கக்கூடியவர், ஏழாம் நாளில் சிறுநீர் நின்றபின் சுமந்து கொண்டுசெல்லப்படுவாராயின், இழப்பது ஒருநாட் பேரோடு நில்லாது. வலிக்கென்று கடையில் வாங்கும் வேறு மாத்திரைகள் சிறுநீரகத்துக்கும் குருதிக்கும் தீங்கிழைக்கும் என்பதையும் நினைவிற் கொள்க. ஆறுதலான செய்தியும் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தோர்க்கும், குருதியை இயந்திரத்தாற் சுத்திகரிக்கும் சிகிச்சை காலத்தில் கிடைக்குமாயின், பெரும்பாலும் சிறுநீரகம் மீளவும் தன் தொழிலைச் செய்யத் தொடங்கும்.

தடுப்பு முறையில் உலகம் கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறுதல் தகும். குயின்ஸ்லாந்தின் கரும்புத் தோட்டங்களில் 1930களில் எலிக்காய்ச்சல் தோன்றியது. கரும்புச் சோலையில் எலிகள் மிக்கிருந்தன. கரும்பின் தாள் கீறிய கைகளோடு வெட்டுநர் அங்கே உழைத்தனர். வெட்டுமுன் சருகைத் தீயிட்டு எரித்தால் எலியும் அகலும், ஈரமும் உலரும் என்பது அறியப்பட்டது. எரித்த கரும்பில் இலாபம் குறையும் என ஆலைமுதலாளிகள் தயங்கினர். தொழிலாளர் 1935இல் வேலைநிறுத்தம் செய்து, எரித்தபின் வெட்டும் உரிமையைக் கேட்டனர். காலப்போக்கில் எரித்தலே அங்கு வழக்கமாயிற்று. நோயைத் தடுக்கும் வழி வைத்தியரின் பையில் மாத்திரம் இல்லை. வேலை செய்யும் முறையிலும் இருக்கின்றது என்பதற்கு இது சான்று.

நம் வயலையும் இறப்பர்க் காட்டையும் நாம் எரிக்க இயலாது. நமக்குரிய வழிகள் வேறு. அவற்றுள் ஒன்று முற்காப்பு மருந்து. பனாமா நாட்டுக் காடுகளில் பயிற்சிபெற்ற அமெரிக்கப் படைவீரரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு வாரமொருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளினும், மறுகூற்றினர்க்கு மருந்தில்லா வில்லையும் கொடுத்துப் பார்த்தனர். 1984இல் வெளியான முடிவின்படி, மருந்து பெறாதோருள் 20 பேர் நோயுற, மருந்து பெற்றோருள் நோயுற்றவர் ஒருவரே. இம்முறையையே நம் சுகாதாரப் பகுதியினரும் கைக்கொண்டு, நோய் மிக்க இடங்களில் வயல்வேலை தொடங்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வாயிலாக இம்மருந்தை வழங்குகின்றனர். இது உழவர்க்கு மாத்திரம் உரியதென்று எண்ணித் தோட்டத்தார் ஒதுங்கி நிற்றல் வேண்டா. சேற்றிலும் குழியிலும் இறங்குவோர் எவராயினும், தம் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தையோ தோட்ட வைத்திய உதவியாளரையோ அணுகிக் கேட்டல் வேண்டும். கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் இம்மருந்தை உட்கொள்ளலாகாது. ஆதலின் ஒருவர் பெற்றதை மற்றவர்க்குப் பகிர்ந்தளித்தல் கூடாது.

நோய்க்கெதிரான பால்குத்துதல் போன்ற தடுப்பூசி இல்லையோ எனச் சிலர் வினவலாம். கால்நடைக்கும் நாய்க்கும் அத்தகைய ஊசிகள் உள்ளன. மனிதர்க்குச் சில நாடுகளில் மாத்திரமே வழக்கில் உண்டு. நோய்செய்யும் வகைகள் 250க்கு மேற்பட்டவை. ஒரு வகைக்கு எதிரான ஊசி மற்றொரு வகையைத் தடுப்பதில்லை. இதுவே அறிஞரைத் திகைப்பிக்கும் சிக்கல்.

எஞ்சியவை வீட்டார் கையிலும் தோட்ட நிருவாகத்தார் கையிலும் உள்ளவை. கான்கள் தேங்காது ஓடச்செய்தல் வேண்டும். உணவுக்கழிவைக் கானிற் கொட்டாது குழியிற் புதைத்தல் வேண்டும். அரிசியும் மாவும் மூடிய பாத்திரத்தில் இருத்தல் வேண்டும். குடிநீரைக் கொதிக்கவைத்தே பருகுதல் வேண்டும். காலில் புண் உள்ளபோது சேற்றில் இறங்காதிருத்தல் நன்று. இறங்கியே ஆகவேண்டுமாயின், புண்ணை நீர் புகாவண்ணம் மூடிக்கட்டுதல் வேண்டும். கான் துப்புரவு செய்வோர்க்கும் தொழுவம் கழுவுவோர்க்கும் நீள்சப்பாத்தும் கையுறையும் வழங்குதல் நிருவாகத்தின் கடன். சப்பாத்தின் விலை, இயந்திரத்தில் கிடத்திக் குருதி சுத்திகரிக்கும் ஒருநாட் செலவுக்கு ஈடாகாது. வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகால் கழுவுதல் சிறு செயலே. ஆயினும் பெரும் பயன் தருவது.

நேயர்களே, இக்கிருமியை உலகினின்று ஒழித்தல் நம்மால் ஆகாது. எலியுள்ளவரை அது இருக்கும். பசிபிக் கரையில் கடற்சிங்கம் உள்ளவரையிலும் இருக்கக்கூடும். அவ்விலங்குக்குத் தன் துன்பத்தை எடுத்துரைக்கும் மொழியில்லை. தான் எங்கே கிடந்தது, எந்த நீரைத் தொட்டது என்று அதனாற் சொல்ல இயலாது. நமக்கு மொழி இருக்கின்றது. மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, கெண்டைக்கால் வலித்து, கண் சிவக்குமாயின், அன்றைய வேலையை விடுத்து வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்; சென்றதும் நீங்கள் இறங்கிய சேற்றைப் பற்றிச் சொல்லுங்கள். அச்சிறு சொல் ஓர் உயிரைக் காக்கும்.